எலுமிச்சை முதல் பீட்ரூட் வரை

குளத்துக்காரருக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. இரண்டும் அவர் கண்ணுக்கு ஒரே மாதிரி அழுக்குப் பழுப்பு. இது தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம் மனுஷன். கல்யாணமான மூன்றாவது வாரமே அவர் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். சந்தையில் ஊரே தக்காளியை நிறம் பார்த்துப் பொறுக்கும்போது இவர் மட்டும் ஒவ்வொன்றாக அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கடைக்காரர் திட்டித் தீர்த்தார். அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஆள் அவ்வளவு பாடுபட்டு மறைக்கிறதைப் போட்டு உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பிறகு அவருக்கு நகரசபை நீச்சல் குளத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் அதே குளத்தின் நுழைவுச் சீட்டு ஜன்னலில் அவளுக்கும் இடம் கிடைத்தது. அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் குளத்துக்காரர், அவள் சீட்டம்மா. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த படிவத்தில், நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. அவர் அதற்கு நேரே "இல்லை" என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். பால் பொங்கவில்லை.

விதியைப் பாருங்கள், அந்த வேலையின் உயிரே நிறத்தில்தான் இருந்தது. தினமும் காலையில் குளத்துத் தண்ணீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, அதில் சிவப்பு மருந்தை ஐந்து சொட்டு விட வேண்டும். தண்ணீரில் அமிலம் ஏறியிருந்தால் மருந்து மஞ்சளாகும், காரம் ஏறியிருந்தால் சிவப்பாகும். இரண்டும் சரியாக இருந்தால் ஆரஞ்சில் நிற்கும். அந்த நிறத்துக்கு ஒரு எண் உண்டு, பி.எச். என்பார்கள். ஏழுக்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். குளத்துக்கு நல்ல எண் ஏழு புள்ளி நான்கு. மனுஷக் கண்ணீரின் எண்ணும் ஏறக்குறைய அதுதான், அதனால்தான் அந்தத் தண்ணீரில் கண் எரியாது என்று இரண்டு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குளத்துக்காரருக்கு அந்தப் பயிற்சியில் வேறெல்லாம் மறந்தாலும் இது மறக்கவே இல்லை. அவ்வளவு பிடித்துப்போயிற்று.

முதல் வருஷம் அவர் எப்படிச் சமாளித்தார் என்பது அவருக்கே வெளிச்சம். சீட்டம்மா வந்த பிறகு ஒரு வழி பிறந்தது. ஒருநாள் காலையில் குழாயை ஜன்னலுக்குள் நீட்டி, "இதைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?" என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டார்.

அவளும் விளையாட்டாக, "கேரட்" என்றாள்.

அன்று ஆரம்பித்ததுதான். எலுமிச்சை என்றால் ஆறு புள்ளி எட்டு. பூசணி என்றால் ஏழு புள்ளி இரண்டு. கேரட் ஏழு நான்கு, தக்காளி ஏழு எட்டு, பீட்ரூட் எட்டு இரண்டுக்கு மேலே. அவள் வாயால் சொன்னால்தான் அன்றைக்குக் குளம் நல்லபடி ஓடும், அது ஒரு ராசி என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் விசில் மாஸ்டர்கூட, "என்ன சீட்டம்மா, இன்னைக்கு என்ன காய்கறி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். எந்த நிறத்துக்கு எந்த எண் என்று காட்டும், மருந்தோடு வந்த வண்ண அட்டை வெயிலில் வெளுத்து எந்தக் காலத்திலோ குப்பைக்குப் போய்விட்டது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. பதினோரு வருஷப் பழக்கம், பார்த்ததும் நாக்கில் காய் வந்து நிற்கும்.

இப்போதுதான் வில்லங்கமே. அவள் கண்ணில் புரை விழுந்திருந்தது.

ஆறு மாதமாகவே உலகம் நேற்றைய தேநீரில் முக்கி எடுத்த மாதிரி தெரிந்தது. வெள்ளைச் சுவர் மஞ்சளாயிற்று. நீல டைல்ஸ் போட்ட குளம் ஏதோ குட்டை மாதிரி தெரிந்தது. கண் டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினாள். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்ய வேண்டும், ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாம் சேர்த்து இரண்டு மாதமாவது வேலைக்குப் போக வேண்டாம் என்றார். பயப்பட ஒன்றுமில்லை, சின்ன வேலைதான் என்றும் சொன்னார். அவளுக்கு ஆபரேஷன் பயமே இல்லை. இரண்டு மாதம் அந்த ஜன்னலில் வேறு யாராவது உட்கார்ந்தால் இவர் குழாயை யாரிடம் நீட்டுவார்? பத்து நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும். படிவத்தில் பொய் எழுதியவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐம்பத்தாறு வயதில் அந்தக் குளத்தை விட்டால் மனுஷனுக்கு வேறு என்ன தெரியும்? டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்துப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

தேநீர்க் கண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளாகத்தானே தெரியும்? தக்காளியைப் பார்த்து அவள் பூசணி என்றாள். சில நாள் எலுமிச்சை என்றுகூடச் சொன்னாள். எலுமிச்சை என்றால் அமிலம் ஏறிவிட்டது என்று கணக்கு. அமிலத்தைத் தணிக்கக் காரம் போட வேண்டும். அவர் சலவைச் சோடாவைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார். ஏற்கெனவே காரமாக இருந்த தண்ணீர் இன்னும் காரமாயிற்று. தண்ணீரைச் சுத்தம் பண்ணுவது குளோரின்தான், ஆனால் காரம் மிஞ்சினால் குளோரின் பாயைப் போட்டுப் படுத்துவிடும். ஐந்தாறு வாரத்தில் குளம் கலங்க ஆரம்பித்தது. குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

சீட்டம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தான் சொல்வது தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கண் மங்கினால் மங்கலாகத்தானே தெரியும், நிறம்கூட மாறுமா என்ன என்று நினைத்தாள். மருந்து பழசாகியிருக்கும், வெயில் காலம், கூட்டம் அதிகம் என்று தனக்குத் தானே ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்றும் அவளுக்குப் புரியவில்லை. அவர் ஐந்தேகாலுக்கே வந்து பம்பைப் போடுவார், அவள் ஃபிளாஸ்கில் தேநீரோடு ஐந்தே முக்காலுக்கு வருவாள். இப்போதெல்லாம் அவள் வரும்போது அவர் தலை ஈரமாக இருந்தது.

"என்னங்க, இந்நேரத்துல தலைக்கு ஊத்தியிருக்கீங்க?"

"வேர்வையா இருந்துச்சு. இங்கேயே குளிச்சிட்டேன்."

"சளி பிடிக்கப்போகுது. துண்டை எடுத்துத் துவட்டுங்க."

அவர் துவட்டிக்கொண்டே குழாயை நீட்டினார். அவள் பூசணி என்றாள். அவர் நோட்டில் ஏழு புள்ளி இரண்டு என்று எழுதிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை வாசலில் ஒரு அட்டை தொங்கியது. "பம்ப் பழுது. குழந்தைகள் வகுப்பு இல்லை." செவ்வாயும் தொங்கியது, புதனும் தொங்கியது. விசில் மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பம்ப் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டார். பம்ப் தேனீ மாதிரி கும்மென்று ஓடிக்கொண்டிருந்தது. நேரே மாடியேறி மேலாளரிடம் சொல்லிவிட்டார். மேலாளர் உடனே தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு இளம்பெண் கையில் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

மேலாளர் அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். சீட்டம்மாவைக் கூப்பிடவில்லை. அவளாகவே ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்க் கணவர் பக்கத்தில் நின்றாள். நிறம் பார்க்கச் சொல்லி இவரிடமே குழாயைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயமெல்லாம்.

அந்தப் பெண் பெட்டியிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தாள். முனையில் மெல்லிய கண்ணாடிக் குமிழ். முதலில் அதைக் கழுவி, ஏழு என்று ஒட்டியிருந்த புட்டியில் விட்டாள். ஏழு காட்டியது. மறுபடி கழுவிப் பத்து என்று ஒட்டியிருந்த புட்டியில் விட்டாள். பத்து காட்டியது. மீட்டர் பொய் சொல்லாது என்று உறுதியான பிறகு, பிடித்து வந்திருந்த குளத்துத் தண்ணீரில் விட்டாள்.

"எட்டு புள்ளி மூணு," என்றாள்.

மேலாளர் நோட்டைப் புரட்டினார். "இன்னைக்குக் காலையில ஏழு புள்ளி ரெண்டுன்னு எழுதியிருக்கு. சரி, ஒண்ணுதானேம்மா வித்தியாசம்? அதுக்கா இவ்வளவு அமளி?"

"அந்த ஒண்ணு பத்து மடங்கு சார். ரெண்டு ஏறினா நூறு மடங்கு. இந்த எண்ணு அப்படித்தான் ஏறும்."

மேலாளர் முகம் மாறியது. "ஏன்யா, தண்ணியைப் பார்க்காமலே எழுதிட்டு இருந்தியா? பம்ப் நல்லா ஓடுது, ரிப்பேர்னு அட்டை தொங்குது. என்ன நடக்குது இங்க?"

"தப்பு என்னோடது சார்," என்றார் குளத்துக்காரர்.

பரிசோதனைக்கு வந்த பெண் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, உங்க கண்ணு ஏன் இப்படி ரத்தமா செவந்திருக்கு?"

"தூசி விழுந்துடுச்சும்மா."

"ரெண்டு கண்ணுலயுமா?"

சீட்டம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தூங்காமல் குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர் என்று சொல்லப் பார்க்கிறார்களோ? திரும்பி, இரண்டடி தூரத்தில் இருந்த அவர் கண்களைப் பார்த்தாள். என்றைக்கும் போலத்தான் இருந்தன.

"எங்கம்மா செவந்திருக்கு? நல்லாத்தானே இருக்கு! இல்லாததை எல்லாம் சொல்லாதீங்க."

மேலாளர் ஒருமுறை குளத்துக்காரரின் கண்களைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். எல்லார் முகமும் ஒரே பக்கம் திரும்பியிருப்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"காலையில குழாய்ல நிறம் பார்க்கறது யாரு?"

"நான்," என்றார் குளத்துக்காரர். அதே நேரத்தில் சீட்டம்மாவும், "நான்" என்றாள்.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? சீட்டம்மாதான் முதலில் உடைந்தாள். "அவருக்கு நிறம் தெரியாது சார். பதினோரு வருஷமா நான்தான் சொல்றேன். என் கண்ணுல புரை விழுந்துடுச்சு. நான்தான் தப்புத் தப்பா சொல்லியிருக்கேன். அவர் மேல ஒரு குத்தமும் இல்ல."

குளத்துக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு நிறம் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமான மூணாவது வாரமே தெரியும்."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "எனக்கும் தெரியும்," என்றார். "உனக்குக் கண்ணு மங்கறது. ஆறு மாசத்துக்கு வர்ற சோடா மூட்டை ஆறு வாரத்துல தீர்ந்துடுச்சு. தண்ணி அப்படிக் கெடாது, அப்ப நீ பார்க்கறதுதான் மாறியிருக்கணும். அதோட சோடா போடறதை நிறுத்திட்டேன். உங்கிட்ட மட்டும் போட்டேன்னு சொன்னேன்."

"அப்பவே எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"என்னன்னு கேக்கறது? நீ சொல்றது தப்புன்னு சொல்லணும்னா, எனக்கு ஏன் நீ சொல்ல வேண்டியிருக்குன்னும் சொல்லணுமே."

"தலை ஈரம்..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"வேற எதை வச்சுப் பார்க்கிறது? கண்ணீர் அளவுக்குத் தண்ணி இருந்தா எரியாதுன்னு சொல்லிக்கொடுத்தாங்க. அதான் தினமும் இறங்கி, தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து வச்சுப் பார்த்தேன். ஒருநாளாவது எரியாதான்னு பார்த்தேன். திங்கக்கிழமை பொறுக்க முடியல. அந்தத் தண்ணியில குழந்தைங்களை இறக்க மனசு வரல சார். அதான் அட்டையைத் தொங்கவிட்டேன்." பிறகு விசில் மாஸ்டர் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட முன்னாடியே குழாயைக் காட்டியிருக்கணும். நாளைக்குக் காட்டலாம், நாளைக்குக் காட்டலாம்னு விட்டுட்டேன்," என்றார்.

விசில் மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மேலாளர் கெட்டவர் இல்லை, ஆனால் காகிதத்துக்குப் பயந்தவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பொய்யாக எழுதிய எண்களுக்கும் படிவத்துக்கும் மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதியாக வேண்டும் என்றார். பதில் வரும்வரை தண்ணீர்ப் பொறுப்பாளர் பலகையில் குளத்துக்காரர் பெயர் இருக்காது, பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள், அவர் பம்பையும் வடிகட்டியையும் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேலை போகுமா என்று சீட்டம்மா நேரடியாகவே கேட்டாள்.

"என்னால முடிஞ்சவரைக்கும் போகவிட மாட்டேன்," என்றார் அவர். "மீட்டர் வாங்கச் சொல்லி மூணு வருஷமா ஃபைல் எம்மேசையிலதான் கிடக்குது. அதையும் கடிதத்துல எழுதறேன். எண்ணைப் படிக்கறதுக்கு நிறம் தெரிய வேண்டியதில்லையே. நீங்க முதல்ல கண் ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி அந்த ஜன்னல்ல உங்களை நான் பார்க்கக் கூடாது."

அது முழு நிம்மதி இல்லைதான். ஆனாலும் வெளியே வந்தபோது சீட்டம்மாவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

குளத்தை அன்றே சரிப்படுத்த ஆரம்பித்தார்கள். காரத்தை இறக்க அமிலம் வேண்டும். குளத்துக்காரர் முதலில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அதற்குள் அமிலத்தை மெல்ல மெல்ல விட்டார். மாற்றிச் செய்தால், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால், கொதித்து முகத்தில் தெறிக்கும். அந்தப் பெண் மீட்டரோடு கரையில் நடந்தாள். முதல் வாளிக்கு எண் அசையவே இல்லை. இரண்டாவதுக்கும் பிடிவாதம் பிடித்தது. "அவசரப்பட்டு மொத்தமா ஊத்திடாதீங்க. இவ்வளவு நாள் போட்ட சோடா எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கு, அதுதான் தாங்கிப் பிடிக்குது. விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சா சரசரன்னு இறங்கிடும்," என்றாள். இரண்டு நாளாவது ஆகும், அதுவரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, "ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். போய்க் கண்ணை நல்ல தண்ணியில கழுவுங்க," என்றாள்.

முதலுதவி அறையில் சீட்டம்மா அவரை முக்காலியில் உட்கார வைத்தாள். தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஆறிய தண்ணீரை டம்ளரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் விட்டாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து சட்டைக் காலரை நனைத்தது.

"எரியுதா?"

"இல்ல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். இருபத்தேழு வருஷமாக இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிவந்த பதில் அது. உடம்புக்கு முடியலையா, இல்ல. மனசு சரியில்லையா, இல்ல. ஏதாவது சொல்லணுமா, இல்ல. பாசத்தில்தான் சொன்னார்கள், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தப் பாசம் இருவரையும் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நிஜத்தைச் சொல்லுங்க. எரியுதா?"

அவர் நனைந்த இமைகளைத் திறந்து கூரையைப் பார்த்தார்.

"எரியுதும்மா. ரொம்ப எரியுது. ராத்திரியெல்லாம் எரியுது."

அவள் தலையை ஆட்டினாள். இப்போது தன் முறை என்று அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு உங்க முகம் சரியாத் தெரியல. ஆறு மாசமாத் தெரியல. மூக்கு இருக்கிற இடம் தெரியும், மீசை இருக்கிற இடம் தெரியும். மிச்சத்தை நானா போட்டு வச்சுக்கறேன்."

குளத்துக்காரர் சிரிக்க ஆரம்பித்தார், பாதியிலேயே நின்றுவிட்டது. முக்காலியிலிருந்து எழுந்து, அவள் தோளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போனார். குனிந்து தன் முகத்தை அவள் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தார். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். மூக்கும் மூக்கும் இடித்தன.

"இப்பத் தெரியுதா?"

அவள் கண்ணைச் சுருக்கி அவர் கண்ணுக்குள் பார்த்தாள்.

"தெரியுது," என்றாள். "ஐயோ, எப்படிச் செவந்து கெடக்கு."